கோடு, ஒன்று, எட்டு, நான்கு, ஏழு

ஹெல்தெர்மா துறையில் பிப்ரவரி மாலை.
வெப்பமானியில் பத்தொன்பது,
அதற்கு முன்னால் ஒரு சிறு கோடு.
கடல் உறைந்து தீவுக்குப் பாதை திறந்து நான்கு நாள்.
அதில் போகிறவர்கள் இருக்கைப்பட்டை போடக்கூடாது;
உடைந்தால் குதிக்க வேண்டும்.

ரிஹோ நிறுத்த நினைத்தது ஒன்றே ஒன்றை.
1847 என்ற எண்ணில் சிக்கிக்கொண்டு
மதியத்து அளவையே திரும்பத் திரும்பச் சொன்ன புராசஸை.
சிக்னலைக் குறிப்பிட மறந்தான்,
கோட்டை மட்டும் மறக்கவில்லை.
கொல், இடைவெளி, கோடு, 1847.
என்டர்.

கருவி கோட்டைப் பார்த்தது,
அடுத்து நின்ற ஒன்றைப் பார்த்தது,
மிச்சம் மூன்று இலக்கங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
கோடு ஒன்று என்றால் அதன் அகராதியில்
எல்லோரும்.

பனியின் தடிமனைக் கேட்கும் இருபத்தாறு காதுகள் அவிந்தன.
பிறகு தடுப்புக் கம்பம், சீட்டு இயந்திரம்,
கடைசியில் கட்டளையிட்டவனின் திரையும்.
கடல் நடுவே ஒரு தபால் வேன்.
ரிஹோ தொப்பியில்லாமல் ஓடி
இருட்டும்வரை வண்டிகளைக் கையால் மறித்தான்.
வேன் கரையேறியது.
ஓட்டுநருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

காய்தி இரவில் மூலநிரலைத் திறந்தாள்,
ஒரு கையில் கம்பு ரொட்டி.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
கோட்டுக்குப் பின் ஓர் இலக்கம் போதுமென்று
யாரோ நம்பியிருந்தார்கள்.
அவர்கள் காலத்தில் போதியிருக்கும்.

முழு எண்ணையும் வாசி.
அப்படியொரு சிக்னல் இல்லையென்றால்
யாரையும் தொடாதே, புலம்பிவிட்டு வெளியேறு.
ஒன்பது வரி போய்ப் பதினான்கு வரி வந்தது.

பழந்தமிழில் கொல் என்பது ஏவல் மட்டுமில்லை,
ஐயத்துக்கும் அதே சொல்.
சிக்னல்கொல், கழித்தல்கொல், கைதவறுகொல்?
காய்திக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் அவள் கருவிக்குள் வைத்தது
அந்த இரண்டாவது கொல்லைத்தான்.

சோதிக்க வேறு வழியில்லை, அதே கட்டளை.
தனிப்பெட்டிக்குள் நாற்பது முறை ஓட்டியாயிற்று.
உண்மை இயந்திரத்தில் ஒருமுறை அடிக்க
ரிஹோவைக் கூப்பிட்டாள்.
அவன் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.
"நீயே அடி."

அடித்தாள்.

திரையில் ஒரு பிழைச் செய்தி,
அதற்குள் ஓர் எழுத்துப்பிழை.
இருவரும் மூன்று முறை வாசித்தார்கள்.
பக்கத்துத் திரையில் இருபத்தாறு காதுகளும்
கேட்டுக்கொண்டிருந்தன:
இருபத்தேழு சென்டிமீட்டர், இருபத்தேழு, இருபத்தெட்டு.
எழுத்துப்பிழையைக் காலையில் பார்க்கலாம் என்றாள் காய்தி.
ரிஹோ அப்போதும் விசைப்பலகையிலிருந்து
ஓரடி தள்ளியே நின்றான்.