மண் தொடாத மின்சாரம்

சாரல் தொடங்கி மூன்றாம் நாள்.
செங்கோட்டை ஆஸ்பத்திரி, தியேட்டர் தரையெல்லாம் ஈரம்:
சலைன், ரத்தம், அவசரமாய்த் துடைத்துப்போன தண்ணீர்.
சுவரில் பச்சை விளக்கு சிவப்பானது.
கூவல்.

"நிறுத்தணுமா?" டாக்டர் செண்பகவல்லி நிமிரவில்லை.
"வேண்டாம் மேடம், தைங்க."

ஊர்க் கரண்டுக்கு மண்ணோடு உறவு,
ஆள்மேல் ஏறியாவது வீடு திரும்பிவிடும்.
இந்த அறைக் கரண்டுக்குத் திரும்ப மண் இல்லை.
வெளியே டிரான்ஸ்பார்மரில்
கம்பி கம்பியைத் தொடாமல்
காந்தம் வழியே மட்டும் கைமாறி வந்தது.
ஒரு பிழை பொறுக்கும்.
இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை.

கடைசியாய்ச் செருகியதை முதலில் பிடுங்கு.
சூட்டு மெத்தை. கூவல்.
உறிஞ்சும் மெஷின், ஒரு நொடிதான். கூவல்.

பச்சைத் துணிக்கு அந்தப்புறம்
இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்த லீலாம்மா,
ஆரியங்காவில் ரப்பர் வெட்டுகிறவள், கேட்டாள்:
"கறண்டு போயோ?"
"இல்லக்கா, இங்கதான் இருக்கு."

ஸ்டாண்டு விளக்கு.
நிசப்தம். பச்சை.

டிராலிச் சக்கரம் ஏறி ஏறி
ஒயர் உள்ளே தோலுரிந்து இரும்பைத் தொட்டிருந்தது.
தையலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று
அரைமணி முன்பு
அந்தத் தண்டைப் பிடித்துத் தள்ளி வைத்தது நான்தான்.

வெளியே வந்து செருப்பைக் கழற்றினேன்.
வலது அடியில் ஓட்டை.
கால் நனைந்திருந்தது.