ஏ.சி.யை நிறுத்திய இரவு

மனாமாவில், ஆகஸ்ட் மாதத்தில்
ஏ.சி.யை நிறுத்தச் சொன்னாள் ரொவீனா.
ஃபோர்மேன் சாக்கோச்சன் அவளை
பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

காற்று அசைந்தால் கெடும். லாரி போனால் கெடும்.
ஒரு தலைமயிரை ஆயிரமாய் வகிர்ந்து
அதில் ஒரு கீற்றளவு
மேசை நகர்ந்தாலும் படம் இல்லை.
அதனால்தான் லாரி டயரின் உள்டியூப்கள்,
அவற்றின் மேல் கருங்கல் பலகை,
பலகையில் அரபிக் காப்பி ஊற்றும் பித்தளை தல்லா,
வளைந்த மூக்கோடு.

ஒரே லேசரைக் கண்ணாடி ஒன்று இரண்டாய்ப் பிரித்தது.
ஒன்று போய்த் தல்லாவின்
மூக்கிலும் முதுகிலும் அடிபட்டுத் திரும்பியது.
மற்றது எதையும் தொடவில்லை;
வெறுங்கையோடு நேரே தகட்டுக்கு வந்தது.
முகடும் முகடும் சேர்ந்த இடம் வெளிச்சம்,
முகடும் பள்ளமும் மோதிய இடம் இருட்டு.
தகடு எழுதிக்கொண்டது இந்த வழக்கை மட்டும்.
உருவத்தை அல்ல.

பத்து வினாடி மூச்சைப் பிடித்து நின்றோம்.
என் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி
விழலாமா என்று யோசித்தது.

கழுவிய தகட்டில் ஒன்றுமே இல்லை.
அழுக்குக் கண்ணாடி.
"இதினாணோ?" என்றார் சாக்கோச்சன்.
அதே லேசரை அதே கோணத்தில் காட்டினாள்.
தகட்டுக்குப் பின்னே, காலிப் பலகையில்
தல்லா.
தலையைச் சாய்த்தேன்,
கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த மூடியின் குமிழ்
மெல்ல வெளியே வந்தது.
(அத்தர் கடை வாசலில் மிதக்கிறதே பாட்டில்,
அது விளக்கு கட்டிய மின்விசிறி.
நம் கண்ணின் சோம்பலில் பிழைக்கிறது.)

கண்காட்சிக்கு ஏற்றும்போது
நான்தான் கைநழுவவிட்டேன்.
நான்கு துண்டும் ஒரு சில்லும்.
மனம் அதற்குள் தினாரில் எண்ணத் தொடங்கியது.

ரொவீனா திட்டவில்லை.
சில்லை எடுத்து லேசரில் பிடித்தாள்.
தல்லா முழுதாய் நின்றது, மூக்கு, மூடி, கைப்பிடியோடு.
தகட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும்
முழுப் பாத்திரத்திலிருந்தும் ஒளி வந்து சேர்ந்திருக்கிறது;
உடைவதற்கு அதில் உருவமே இருந்ததில்லை.
"ஆனால் இனி சாவித் துவாரம் வழியாகத்தான்," என்றாள்.
தலையைச் சாய்த்தேன்.
குமிழ் வெளியே வரவில்லை.

"முழுசாத் தெரியுது சார், பாருங்க," என்றேன்.
சாக்கோச்சன் பார்த்தார், வியந்தார்,
இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்.

சில் இப்போது என் கட்டிலுக்கு மேல்,
டியூப்லைட்டில் சாம்பலாய்ச் சாய்ந்திருக்கிறது.
நேற்று அறைத்தோழன் சந்தியாகு
அதில் முகம் பார்த்துச் சவரம் செய்ய முயன்றான்.
"என்னடா, ஒண்ணுமே தெரியல," என்றான்,
ஒரு கன்னம் நுரையோடு.