கறுப்பு எண்ணெய்

பீடோங் சமூக மண்டபம். அரை நாள் பயிற்சி.
பசியாறலும் உண்டென்றார்கள்;
கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டுப் போனேன்.

தவநேசி அதிகம் பேசவில்லை.
வெள்ளைப் பேசினில் தண்ணீர்,
அதில் ஒரே ஒரு கரண்டி கறுப்பு எண்ணெய்.
அது விரிந்தது.
மீகோரெங் தட்டோடு நாங்கள் சுற்றி நிற்க
நிற்காமல் விரிந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை மோட்டார்?"
ஏழு என்றேன். மீதியை நானே பெருக்கினேன்,
தட்டுக்கு அடியில், விரலால்:
பதினான்கு வருஷம்,
பட்டறைக்குப் பின்னால், செம்பனை வேலியோரம்,
புல் முளைக்காத அந்த இடம்.
வெயில் என்றல்லவா நினைத்திருந்தேன்.

எண்ணெய் எடுக்க வரும் லோரிக்குத்
தோம்பு இரண்டு நிறைந்தால்தான் கட்டுமாம்.
என்னிடம் ஒன்றுதான் சேரும்.
இன்னொன்று எதிர்க்கடைக் குணாளனிடம்.
ஒரு செயின் விலைக்காக
ஆறு தீபாவளியாய் முகம் கொடுக்காதவன்.

சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார்கள்.
தவநேசியே சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் காலித் தோம்பை
ரோட்டின் குறுக்கே உருட்டினேன்.
கடைத்தெரு முழுக்கக் கேட்கிற சத்தம்.
குணாளன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
"மூடி எங்கே?" என்றான்.