பழைய பதிப்பில் ஒரு தடவை

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில்
பச்சைக் கோடு நின்றுவிட்டது.
முத்தோரை பாலாடாவில் அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.
லேப்டாப் பேட்டரியில் பதினோரு நிமிடம்.
கேபிளைத் தொடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
செல்போன் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி
உட்கார்ந்திருந்தேன்.
கருவி ஒருமுறை செத்து
மூன்று முறை கூவி எழுந்தது.
3.1.

கடைக்குப் பின்னால் எனக்கொரு சோதனைப் பாத்தி உண்டு.
நாலு அங்குலத்தில் பழைய ஐம்பது பைசா,
ஆறில் குமுதவல்லியின் ஒற்றை மெட்டி,
அவள் இன்னும் பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறாள்.
ஒரு ஆணியும் சாக்லேட் தாளும் அருகருகே.
தேதி, மண் ஈரம், திரையில் வரும் எண்
எல்லாம் நோட்டில் ஏறும்.
பழைய பதிப்பு மெட்டியின் மேல் சும்மா முனகும்.
புதியது பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
ஆணிக்குக் கரகரப்பு, தாளுக்குக் கீச்சு,
ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.

சந்தோஷத்தில்
பெள்ளி அண்ணனின் கேரட் காட்டுக்கு எடுத்துப் போனேன்.

போன தையில்
அங்கே மூன்றாம் படியில்தான் அவர் மருமகள் மோதிரம் தொலைந்தது.
தலையில் விளக்குக் கட்டி
விடியுமுன் கேரட் பிடுங்கியவர்கள் ஏழு பேர்.
2.4-ஐத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள்
கோடு கோடாக நடந்தேன்.
இங்கே மண்ணே பாதி இரும்பு, ஓயாமல் உறுமும்.
காது வலிக்கிறதென்று
இரும்புச் சத்தத்தை அடைத்து வைத்திருந்தேன்.
அமைதி.
"இங்க இல்லண்ணே" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.

இங்கே இல்லையென்றால் வேறெங்கோ.
வேறெங்கோ என்றால் யாரிடமோ.
அந்த வரிசையில் குனிந்திருந்தது அஞ்சுகம்.
யாரும் கத்தவில்லை.
மறுநாள் பிக்கப் வண்டி
அவள் நிற்கும் முனையில் நிற்காமல் போனது,
அதற்கு மறுநாளும்.
பங்குனியில் கூடலூர்ப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள்.
டிஸ்ப்ளே மாற்றிய வகையில் எனக்கு அவள் இருநூறு பாக்கி.
சித்திரையில் ஒரு ராத்திரி
போனில் இருநூறு வந்து விழுந்தது,
கூட ஒரு வார்த்தை இல்லாமல்.

அடுத்த விளைச்சலும் எடுத்தாகிவிட்ட மண்.
மூன்றாம் படி, வரப்பிலிருந்து நாலு எட்டு:
கரகரப்பு.
அதன் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு கீச்சு.
எண் பதினான்கு.
சாக்லேட் தாளுக்கும் அதே எண்தான்.
தாளாகவே இருக்கட்டும் என்று தோண்டினேன்.

ஐந்து அங்குலத்தில்
களைக்கொத்தின் உடைந்த பல் ஒன்று.
அதைத் தொட்டபடி, உள்வட்டம் முழுக்கச் சேறு அப்பி,
மோதிரம்.

மோயாறு பக்கமிருந்து ஏறி வந்த மேகம்
கீழ்ப் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.
சோதனையென்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.
பல்லையும் மோதிரத்தையும் இருந்த வாக்கிலேயே வைத்து
மண்ணை மூடி, காலால் அழுத்தி,
லேப்டாப்பைக் கேரட் மூட்டை மேல் விரித்து
2.4-ஐத் திரும்ப ஏற்றினேன்.
பச்சைக் கோடு இந்தத் தடவை எங்குமே நிற்கவில்லை.

வீசினேன். அமைதி.
குறுக்கே வீசினேன். அமைதி.
தையில் கேட்ட அதே சுத்தமான அமைதி.
பிறகு இரும்படைப்பை எடுத்துவிட்டு
இன்னொரு தடவை.

ஒரு கரகரப்பு.
அங்கே ஏதோ இருக்கிறது என்கிற அளவுக்கு.
குனிகிறவனுக்கு அது போதும்.

நோட்டை எடுத்தேன்.
தேதி. ஈரம் அதிகம். ஐந்து அங்குலம்.
2.4: இல்லை என்றது.
'என்றது'-வை அடித்து
'என்றேன்' என்று எழுதினேன்.

மேல் படியிலிருந்து பெள்ளி அண்ணன் கைதட்டினார்.
"என்னப்பா, புதுசு எப்படி இருக்கு?"
ஷூவுக்கு அடியில்
மோதிரம் இன்னும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது.
அவர் இறங்கி வருகிறார்,
மேகத்தில் முதலில் மப்ளர்,
பிறகு முகம்.