ஐந்தாவது நிரல்

டொக்டர் சற்குணதேவி இந்த ஊரில் கேட்ட முதல் கெட்ட இதயம்
சல்லிக் கரையில் வலை இழுக்கிறவனின் மகளுடையது.
ஒன்பது வயது. படி ஏறினால் இளைக்கிறாள் என்றாள் தாய்.
அவர்கள் வீட்டில் படி இல்லை.
ஆஸ்பத்திரிப் படிதான் அவள் ஏறிய முதல் படி.

“கேளும்” என்று குழாயை என் காதில் வைத்தார்.
நான் ஈசிஜி எடுக்கிறவன்.
கோடு தெரியும், சத்தம் தெரியாது.
மூதூர் லோஞ்சு துறையை விட்டுப் போய்
கண்ணுக்கு மறைந்த பிறகும்
தண்ணீருக்குள்ளால் ஓர் உறுமல் வருமே,
அது,
ஒரு விலாவுக்குக் கீழே.

தொண்டைநோ நாலு நாளில் போய்விடும் என்றார்.
போகிறபோது வால்வில் கைவைத்துவிட்டுப் போகும்.
மாதம் ஒரு பெனிசிலின், இருபத்தொரு வயதுவரை.
சுண்ணாம்புக் கரைசல்போல் தடித்த மருந்து.
எங்கள் ஜீப்பைக் கண்டால்
பிள்ளைகள் தாழம்புதருக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

எண்பத்துநான்கில் பதிவேடு திறந்தோம்.
பெயர், ஊர், சத்தம், ஊசித் தேதி.
ஐந்தாவது நிரலுக்குத் தலைப்பு வைக்கவில்லை,
தேவைப்படும் என்றார்.
சாம்பல்தீவு, இறக்கக்கண்டி, தம்பலகாமம்,
மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
சேருவிலவில் “ஹுஸ்ம கன்ன” என்பார்.
அவருடைய சிங்களம் அந்த இரண்டு சொல்லோடு சரி.
மூச்சை இழுக்க அது போதும்.

கிண்ணியாவுக்குப் பாதையில் போவோம்.
பாதை என்றால் இங்கே தெருவல்ல,
ஆளையும் மாட்டையும் ஜீப்பையும் ஏற்றி
ஆற்றைக் கடக்கும் மிதவை.
இறங்கினால் சென்றி.
“குப்பி என்று மட்டும் சொல்லிப்போடாதேயும்” என்பார்.
அந்தச் சொல்
அந்த நாட்களில் கழுத்தில் தொங்கியது.
மருந்துப் போத்தல் என்போம்.
எண்ணிப் பார்த்து
இரண்டை எடுத்துக்கொண்டு விடுவார்கள்.

கோட்டை வாசலில் ஒரு மத்தியானம்
மான் ஒன்று ஜீப்புக்குள் தலையை விட்டு
முப்பத்தேழாம் பக்கத்தைத் தின்றது.
நிலாவெளியின் பதினெட்டுப் பேர்.
இரண்டு கிழமை வீடு வீடாய்ப் போய்
திரும்ப எழுதினோம்.
அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது
அந்த மானைப் பார்த்துத்தான்.

தொண்ணூறு ஆடிக்குப் பிறகு
கிளினிக் வாங்கில்கள் வெறுமையாய்க் கிடந்தன.
அப்போதுதான் ஐந்தாவது நிரலுக்குத் தலைப்பு எழுதினார்:
ஏன் வரவில்லை.
படகில் மண்டபம்.
முகாம், எதுவென்று தெரியாது.
கல்யாணம். கட்டார்.
ஜீப்பில் ஏற்றினார்கள், எங்கள் ஜீப் அல்ல.
இரண்டாயிரத்து நாலு மார்கழிக்குப் பிறகு
ஒரே சொல், பதினேழு வரிகளில்:
கடல்.

லண்டனில் சஞ்சிகைக்காரர் எழுதினார்கள்:
ஆய்வு நன்று, அட்டவணை நீளம்.
தொடர்பற்றோர் 143 என்று சுருக்கவும்.
நாலு முறை மறுத்தார்.
ஐந்தாம் முறை அமைச்சிலிருந்து ஒருவர் பேசினார்:
அது அச்சில் வந்தால்தான்
கிழக்குக்குப் பெனிசில்லின் ஒதுக்கலாம்.
சுருக்கினார்.
மருந்து வந்தது.
கொழும்பில் பொன்னாடையும் போர்த்தினார்கள்.
அதை ஈசிஜி மெசினுக்கு மூடியாகப் போட்டார்,
தூசு பிடிக்காதாம்.

ஓய்வு பெறுகிற நாள்
கட்டிலில் தானே ஏறிப் படுத்து
“எனக்கும் ஒன்று எடும்” என்றார்.
தாள் வந்தது. தலைகீழாகவே வாசித்தார்.
கோடுகள் பிசகிப் பிசகி நடந்தன.
“எப்பவிருந்து?” என்றேன்.
“நீர் வேலைக்கு வந்த வருசம்” என்று
காலுறையை மாட்டத் தொடங்கினார்.

பதிவேடு இப்போது என் மேசைக்குள்.
சல்லிப் பிள்ளையின் வரியில் நாலு நிரல்தான்,
ஐந்தாவதில்
பேனை வைத்து அழுத்திய ஒரு புள்ளி மட்டும்.
எழுதத் தொடங்கி நிறுத்தினாரோ, தெரியாது.
நான் கேட்கவுமில்லை.

நாற்பது தாண்டிய பெண்கள் வந்தால்
துண்டில் பெயரை இரண்டு தரம் பார்க்கிறேன்.
பிறகு பசையைப் பூசி
கொஞ்சம் குளிரும், அசையாதேயுங்கோ, என்கிறேன்.