குட்டியானை வாடகை

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்கென்று
கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா,
அந்த நாளாகப் பார்த்து வந்தாய்.
கூலி போகக்கூடாது உனக்கு.
சென்னியப்பனுடைய குட்டியானை, முன்சீட்டில் நீ,
பின்னால் ஒரு தார்ப்பாயும் கயிறும்.
அப்பாவிடம் ரேஷன் கடைக்கென்று சொல்லியிருந்தாயாம்.
பல்லடத்தில் தொடங்கி
வெள்ளகோவில் வரைக்கும் நீண்ட ரேஷன் வரிசை.

வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.
"வாங்க" என்ற என் மாமியாரிடம்
மடித்த நோட்டுத்தாளைப் பிரித்தாய்.
அண்டா ஒன்று. குத்துவிளக்கு இரண்டு.
கிரைண்டர், குழவியோடு.
பித்தளைக் குடம் மூன்று.
"ரெண்டுதானுங்க இருக்குது."
"மூணுங்க. ஒண்ணு மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்துல
கவுத்தி வெச்சிருக்கறீங்க.
பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன்."

கல்யாணத்தன்று சீர் எழுதிய அதே தாள்.
நாலு வருசம் எங்கே வைத்திருந்தாய்?
எதற்கு வைத்திருந்தாய்?

அவர் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை.
உன்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.
"மாப்பிள்ளை, கொஞ்சம் எந்திரிங்க,
கட்டிலும் எங்களுதுதான்" என்றாய்.

நான் துணிப்பையோடு நின்றிருந்தேன்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காங்கேயம் நெருங்க நெருங்க
களங்களில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசம்.
டீக்கடையோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாய்.
இப்போது கேட்பாய் என்று
நாலு வருசத்தையும் நாக்கில் அடுக்கிக்கொண்டேன்,
எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது.
நீ கேட்டாய்:
"காரப் பன்னா, தேங்கா பன்னா?"

தேங்காய் பன்.
அதை முழுதாகத் தின்றேன்.
அந்த வீட்டில் எதையும் முழுதாகத் தின்றதில்லை என்று
பன் தீர்ந்தபிறகுதான் தெரிந்தது.

பொங்கலூர்ப் பக்கம் காற்றாலைகள்.
ஆனிக் காற்றில் எல்லாம் சுற்ற
ஒன்று மட்டும் சும்மா நின்றது.
யாரும் அதைத் திட்டியதாகத் தெரியவில்லை.
பின்னால் கயிற்றுக்குள் கிரைண்டர்
மேட்டுக்கு மேடு முனகிக்கொண்டு வந்தது.
நீ தூங்கிவிட்டாய், வாயைத் திறந்து,
தாளை இடுப்பில் செருகியபடி.

எட்டு மாதம் கழித்து
நீ சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.
தறிச்சத்தம் தின்ற காது உன்னது;
ரகசியத்தையும் தெருவுக்கே கேட்கத்தான் சொல்வாய்.
"கந்தசாமியண்ணன் வீட்டுக் காதுகுத்துல
ஜன்னலுக்கு அக்கட்ட நின்னாங்க ரெண்டு பேரும்.
எனக்கு என்ன கேக்குது?
அம்முணி வாயைத்தான் பாத்தேன்.
'இங்க வெச்சு வேண்டாங்க'ன்னுது."

இருபத்தாறு வருசம் பதினாறு தறிக்கு நடுவில்
உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவள்.
பந்தியில் இருநூறு பேர் இருந்தார்கள் அன்றைக்கு,
நன்றாகக் காது கேட்கிறவர்கள்.

நன்றி என்பது நம் வீட்டில்
மைக் பிடிக்கிறவர்கள் கடைசியில் சொல்வது.
அடுப்படியில் அதைச் சொன்னால்
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாய்.
அதனால்தான் நேற்று ராத்திரி
தூக்குப்போசியில் அரிசியும்பருப்புஞ் சோறு கொண்டுவந்தவள்
தறிப்பட்டறை வாசலிலேயே நின்று
குரல் இல்லாமல் சொன்னேன்.

பார்த்துவிட்டாய்.
இழை ஓடின துணியைப் பார்ப்பதுபோல்
புருவம் சுருங்கியது.
ஒரு தறியை நிறுத்தினாய்.
மற்றதெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தன.
உன் உதடு அசைந்தது.
எனக்கு இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை,
மறுபடி சொல்லவைத்துத்தான் பிடித்தேன்:

"வண்டி வாடகை ரெண்டாயிரத்தி இருநூறு.
சம்பளம் வந்ததும் குடு."

பிறகு நாடாவைத் திறந்து
தீர்ந்த தாரை எடுத்துவிட்டு
புதுத் தாருக்குக் கையை நீட்டினாய், என் பக்கம் பார்க்காமல்.