பாவித்தது

கஸ்தூரியார் வீதியில என்ர கடைச் சுவருக்கு
"பாவித்த பொருட்கள் வாங்கி விற்கப்படும்" எண்டு
எழுத வந்தவர் மரியநேசன்.
பின்னேரம் நாலு மணிக்கு ஏணி வைச்சு,
நூல் பிடிச்சுக் கோடு போட்டு,
ஒரு முழ உயரத்தில சிவப்பாய்
ரெண்டு எழுத்து முடிய
மழை பிடிச்சிட்டுது.
"மிச்சம் நாளைக்கு அண்ணை."

இரவு முழுக்க
தெரு லைற் வெளிச்சத்தில என்ர சுவர்
பாவி
எண்டு சொல்லிக்கொண்டு நிண்டுது.

ரியூசன் விட்டு வந்த பெடியள்
சைக்கிளை நிப்பாட்டிப் படம் எடுத்தினம்.
முன்பக்கப் பேக்கரிக்காரன்
"அம்பலவாணர், ஆரையப்பா சொல்லுது?" எண்டு கேட்டான்.
சிரிச்சனான்.
சிரிச்சுக்கொண்டுதான் ஷட்டரை இழுத்தனான்.

இந்த ஊரில ஆர் பாவிக்காமல் இருக்கினம்?
சோப்புப் பாவிக்கிறம், குளிசை பாவிக்கிறம்,
"சீனி பாவிக்கிறேல்லை, வருத்தம்" எண்டு
தேத்தண்ணியைத் தள்ளி வைக்கிறம்.
திருச்சியில இருந்து வந்த ஒரு சாரி யாவாரி
"அதென்ன, எல்லாத்தையும் பாவமாக்கிட்டீங்க?" எண்டு
வயிறு குலுங்கச் சிரிச்சவர்.
ரெண்டுக்கும் வேர் வேற எண்டாள் மகள். படிச்சவள்.
வேறயாய் இருக்கலாம்.
மழைக்குள்ள ரெண்டும்
ஒரே சிவப்பாய்த்தான் ஒழுகுது.

பாவம் எண்டதும் லேசான சொல்லுத்தான்.
கால் முறிஞ்ச நாய்க்குச் சொல்லுறம்,
ரெண்டாந்தரமும் சோதினை பிழைச்ச பெட்டைக்குச் சொல்லுறம்.
சொன்ன உடன ஒரு சுகம்,
கையைக் கழுவித் துடைச்ச மாதிரி.

தொண்ணூறு ஐப்பசி.
சோனகத் தெருச் சனம் நடந்து போகேக்க
மதிலடியில நிண்டு நாங்கள் சொன்னதும் அதுதான்.
"பாவங்கள்" எண்டம்.
பன்மையில.
துவக்குப் பெடியள் பையளைக் கவிழ்த்து
ஒரு குழந்தையின்ர காதில கிடந்ததையும் கழட்டேக்க
"ஐயோ பாவம்" எண்டம்,
எங்களுக்கு மட்டும் கேக்கிற மாதிரி.
ஆரைச் சொன்னம், எதைச் சொன்னம் எண்டு
அப்ப ஒருதரும் கேக்கேல்லை.

தையல்காரர் ஜுனைதீன் என்னைக் கண்டவர்.
முதல் கிழமைதான்
என்ர கலியாண எழுத்துக்குக் காற்சட்டை அளவெடுத்தவர்.
அளவு நாடா கழுத்தில தொங்கினது,
கழட்ட மறந்துபோனார்.
சோதிச்ச பெடியனும்
அதை மட்டும் விட்டிட்டான்.

தை மாதம் அவற்ற மிஷின் விலைக்கு வந்துது.
தெரிஞ்சுதான் வாங்கினனான், எழுநூற்றம்பது ரூபாய்.
"நாங்கள் வாங்காட்டி வேற ஆரோ வாங்கினம்" எண்டு
மனுசிக்குச் சொன்னனான். அவள் ஒண்டும் கேக்கேல்லையே.
லாச்சிக்குள்ள நாலாய் மடிச்ச ஒரு துண்டு:
என்ர பேர், இடுப்பு முப்பது, நீளம் முப்பத்தொன்பது,
பக்கத்தில பென்சிலால
"புதன் குடுக்கோணும்."

அந்த மிஷினில துவங்கினது இந்தக் கடை.

பாதை திறந்த பிறகு ஒரு நாள்
புத்தளத்தில இருந்து ஒரு பிள்ளை வந்தது,
ஜுனைதீன்ர மேள் எண்டு.
கண்ணாடி அலுமாரி ஒண்டுக்கு விலை கேட்டது.
"பாவம் பாத்துச் சொல்லுங்கோ காக்கா" எண்டது.
ஐந்நூறு குறைச்சனான்.
மிஷின் பின்னறையில
சாக்குக்குக் கீழ கிடந்தது.
"வாப்பா இருக்கிறாரோ?" எண்டு கேக்க வாயெடுத்து
"லாண்ட்மாஸ்ரர் பிடிக்கட்டோ, ஏத்திவிட?" எண்டு கேட்டனான்.

காலமை மழை விட்டிருந்தது.
ஒன்பது மணிக்கு மரியநேசன் வந்து
ஒழுகினதைச் சுரண்டி
"த்த" எழுதினார், பிறகு "பொருட்கள்."
கீழ இறங்கித் தள்ளி நிண்டு பாத்து
"இப்பதான் அண்ணை வாசிக்க விளங்குது" எண்டார்.

மிச்சக் காசை எண்ணிக் குடுத்தனான்.
ஒருக்கா எண்ணினது பிழைச்சுது,
திரும்ப எண்ணினனான்.